மலைமேல் ஏற்றிய விளக்கு

அத்தியாயம் ஐந்து

“ஆச்சி, நீங்க பைத்தியம்னு ரெண்டு டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அவங்களை நீங்க எப்பப் பார்த்தீங்க?”

“நான் எங்கிட்டுப் பார்த்தேன்? அவுக கருப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாது.”

துப்பறியும் வீரய்யா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். நாற்பத்தெட்டாம் வருஷம் புதுக்கோட்டை சமஸ்தானத்தோடு சேர்த்து அவருடைய இன்ஸ்பெக்டர் உத்தியோகத்தையும் கரைத்துவிட்டார்கள். அன்றைக்குக் கழற்றினார் முதல் தடவை. அதன்பிறகு கீழராஜ வீதி மாடியில் தனியாகத் துப்பறிய உட்கார்ந்து ஒன்பது வருஷத்தில் நாலைந்து தடவைக்குமேல் கழற்றியதில்லை.

பக்கத்தில் நின்ற உதவியாளன் திருப்பதிக்கு இது தெரியும். தெரிந்தும் வாய் சும்மா இருந்தால்தானே? பஸ் கண்டக்டராக இருந்தவன். அந்த வாயால்தான் வேலையும் போயிற்று.

“பார்க்காமலே பைத்தியம்னு கண்டுபிடிச்சா அவங்க டாக்டர் இல்லீங்க ஆச்சி, ஜோசியருங்க” என்றான்.

ஆவுடையாள் ஆச்சி சிரிக்கவில்லை. நாற்பது வயது. திருமயத்துக்குத் தெற்கே பெரிய வீட்டு மருமகள். புருஷன் அடைக்கப்பச் செட்டியார் போய் ஆறு வருஷம். வெள்ளைச் சேலையும் வெறும் கழுத்துமாக நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை இல்லை. போன வருஷம் டில்லியில் புதுச் சட்டம் ஒன்று போட்டார்கள். விதவையும் தன் இஷ்டப்படி சுவீகாரமாகப் பிள்ளை கூட்டிக்கொள்ளலாம், பங்காளிகளைக் கேட்க வேண்டியதில்லை, புத்தி சுவாதீனமாக இருந்தால் போதும் என்று. ஆச்சி வருகிற ஆவணிக்கு நாள் குறித்தாள். நாள் குறித்த பத்தாம் நாள், சொத்து கைநழுவிப்போகிறதே என்று புருஷனுடைய அண்ணன் மகன் அண்ணாமலை மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுத்துவிட்டான். என் சித்தப்பா மனைவிக்குச் சித்தம் கலங்கிவிட்டது, சென்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று.

நாளைக் காலை பதினோரு மணிக்கு விசாரணை. மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டால் ஆச்சி கோர்ட்டிலிருந்தே ரயிலேற வேண்டியதுதான்.

“அங்கிட்டுப் போனவுகள்ல எத்தனை பேர் திரும்பி வந்திருக்காகன்னு எங்க வக்கீலைக் கேட்டேன்” என்றாள் ஆச்சி. “அவர் ஜன்னலைப் பார்க்கிறார்.” முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வீரய்யா இரண்டு சர்ட்டிபிகேட் நகல்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்று போன சனிக்கிழமை எழுதியது. மற்றது திங்கட்கிழமை எழுதியது. எழுதிய டாக்டர்கள் வேறு வேறு.

“இந்த வரியைப் படிய்யா.”

திருப்பதி படித்தான். ‘மலைமேல் நெருப்பு எரிவதாகப் பிதற்றுகிறாள். உடுத்திய சேலையைக் களைய முயல்கிறாள்.’ அடுத்த காகிதத்திலும் அதே வரி. ஒரு எழுத்துப் பிசகாமல் அதே வரி.

“ரெண்டு பசங்களும் ஒரே பையனைப் பார்த்துக் காப்பியடிச்சிருக்காங்க சார்.”

“அந்தப் பையன் யாருன்னு கீழே இருக்கு.” வீரய்யா விரலை வைத்தார். ‘மனோதத்துவ நிபுணர் அழகுமலை அவர்களின் அறிக்கையையும் கண்டேன்’ என்று இரண்டாவது டாக்டர், பாவம், யோக்கியமாக எழுதிவைத்திருந்தார்.

*

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காபிக் கிளப் மாடியில் போர்டு பளபளத்தது. ‘அழகுமலை, மனோதத்துவ நிபுணர். மனக்கவலை, ஞாபக மறதி, சித்தப்பிரமை. நேரில் காண்க.’

திருப்பதி ஒரு போக்கிரியை எதிர்பார்த்துப் படியேறினான். உள்ளே இருந்ததோ ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு மனிதர். பினாங்கில் பிறந்து வளர்ந்து, லண்டனிலிருந்து தபாலில் பாடம் படித்து டிப்ளமா வாங்கி, யுத்தம் முடிந்து இங்கே வந்தவர். கல்யாணம் ஆகாதவர். அலமாரி நிறையப் புஸ்தகம்.

“நீங்க டாக்டரா?” வீரய்யா நேரே கேட்டார்.

“இல்லை. அப்படி நான் போட்டுக்கிறதும் இல்லை.”

“மெடிக்கல் ரிஜிஸ்தர்ல பேர் உண்டா?”

“அது மருந்து கொடுக்கிறவங்களுக்கு. நான் மருந்து கொடுக்கிறதில்லை.”

“சரி, உங்க தொழிலுக்குன்னு ஒரு ரிஜிஸ்தர் இருக்குமே?”

“இந்த நாட்டில் இன்னும் யாரும் போடலை. நான் டில்லிக்கு மூணு லெட்டர் எழுதினேன். பதில் இல்லை.”

“அப்ப நீங்க தப்பாச் சொல்லிட்டா உங்களை யார் கேட்கிறது?”

அழகுமலை புஸ்தக அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

“நல்லா இருக்குங்க கதை!” திருப்பதிக்கு நிஜமாகவே பொறுக்கவில்லை. “சைக்கிளுக்கு முனிசிபாலிட்டித் தகடு வேணும். ரேடியோவுக்குத் தபாலாபீஸ் லைசென்ஸ் வேணும். கீரமங்கலத்துக்கு டிக்கெட் கிழிக்க எனக்குப் பித்தளை பேட்ஜ் குத்திவிட்டாங்க. ஒரு மனுஷியைப் பைத்தியம்னு சொல்றதுக்கு மட்டும் ஒரு போர்டும் ரெண்டு ஆணியும் போதுமாக்கும்!”

“நான் பைத்தியம்னு சர்ட்டிபிகேட் கொடுக்கலை” என்றார் அழகுமலை சன்னமான குரலில். “கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. நான் பார்த்ததைக் குறிப்பு எழுதினேன். டாக்டர்கள் வந்து பார்த்துத் தாங்களாக முடிவு பண்ணுவாங்கன்னு நெனைச்சேன்.”

“அவங்க பார்க்கலை. உங்களைத்தான் பார்த்தாங்க.” வீரய்யா கையை நீட்டினார். “குறிப்பைக் காட்டுங்க.”

மனிதர் மறைக்கவில்லை. நோட்டை எடுத்து மேஜைமேல் விரித்தே வைத்தார். அண்ணாமலை காரில் கூட்டிப்போய்க் காட்டினானாம். பின்கட்டு அறை. ‘பெயர் ஆவுடையாள். விதவை. வெள்ளைச் சேலை. ஆளில்லாத தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். சேலையைப் பிடித்து இழுத்து, எனக்கு இது வேண்டாம் என்று அழுகிறாள். புருஷன் பெயரைக் கேட்டேன். மலைமேல விளக்கு ஏத்துவாகளே என்றாள். மறுபடி கேட்டேன். அதையே சொன்னாள். மூன்றாம் முறையும் அதையே சொன்னாள். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லை. நெருப்பைப் பற்றிய பிரமை.’

திருப்பதி அந்த இடத்தை இரண்டு தடவை படித்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

“சார், அம்பத்தொண்ணுல சென்சஸ்காரர் எங்க வீட்டுக்கு வந்தார். எம் பொண்டாட்டி முனியாயிகிட்ட, ‘ஒன் வீட்டுக்காரர் பேரென்ன’ன்னு கேட்டார். ‘பெருமாள் மலைமேல நிக்கிறாரே, மொட்டை போடுவாகளே, அந்த ஊரு’ன்னா. அவர் பிரமைன்னு எழுதலை. திருப்பதின்னு எழுதிட்டுப் போயிட்டார்.”

திருப்பதி நோட்டை அழகுமலை பக்கம் திருப்பிவைத்தான்.

“புருஷன் பேரை வாயால சொன்னா அவர் ஆயுசு குறையும்னு எங்க பொம்பளைங்க சொல்லமாட்டாங்கய்யா. ஜாடையாத்தான் சொல்லுவாங்க. நீங்க கேட்டதுக்கு அந்தம்மா மூணு தடவையும் நேராப் பதில் சொல்லியிருக்கு. கார்த்திகைக்கு மலைமேல விளக்கு ஏத்துற ஊரு எது?”

“திருவண்ணாமலை” என்றார் அழகுமலை. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

“ஆச்சி புருஷன் பேரு அடைக்கப்பன். அடைக்கப்பனுக்கு மலையும் இல்லை, விளக்கும் இல்லை” என்றார் வீரய்யா. “அண்ணாமலை தன் சம்சாரத்தைக் காட்டியிருக்கான். சேதுலட்சுமி. தாய்வீட்டுக்குப் போயிருக்கிறதா ஊருக்கெல்லாம் சொல்லிவச்சிருக்கான்னு ஆச்சி சொன்னாங்க.”

“ஆனா அவங்க வெள்ளைச் சேலை...”

“கட்டிவிட்டிருக்கான். கட்டின புருஷன் கல்லு மாதிரி உயிரோட நிற்க, அவன் கையாலேயே. எந்தப் பொம்பளைதான்யா அதைப் பிய்ச்சு எறியமாட்டா? அதை நீங்க நோயின்னு எழுதியிருக்கீங்க.”

அழகுமலை நோட்டை மூடினார்.

“நாளைக்குக் கோர்ட்டுக்கு வந்து சொல்லுங்க” என்றார் வீரய்யா.

“என் வார்த்தை அங்கே செல்லாதே. நான் ரிஜிஸ்தர்ல இல்லாதவன்.”

“நிபுணரா வர வேண்டாம். பார்த்த ஆளா வாங்க. கண்ணுக்கு எந்த ஊர்லயும் லைசென்ஸ் கேட்கிறதில்லை.”

*

மத்தியானம் ஆச்சியையும் அழகுமலையையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் அண்ணாமலை ஊருக்குப் போய் இறங்கினார்கள். அண்ணாமலை வாசலுக்கே வந்து வரவேற்றான். முப்பத்தைந்து வயது. வெளுத்த சட்டை, விபூதி, பணிவான பேச்சு. திருப்பதிக்கு அந்தப் பணிவைப் பார்த்ததும் எரிச்சல் மண்டையில் ஏறியது.

“சேதுலட்சுமியையா கேக்குறீங்க? அவ ஆத்தா வீட்டுக்குப் போயிருக்காளே. காபி சாப்பிடுறீங்களா?”

உள்ளேயிருந்து கிரீச் கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தது. தொட்டில் சங்கிலி.

ஆவுடையாள் ஆச்சி அவனைத் தாண்டி நடந்தாள். “ஏம்ப்பா, நம்ம வீட்டு மருமகளைப் பார்க்க எனக்கு ஒன் உத்தரவு வேணுமா?” என்று கேட்டுக்கொண்டே முற்றத்தைக் கடந்து, பின்கட்டு அறையின் தாழ்ப்பாளை விலக்கினாள்.

இருட்டறை. தரையில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும். கை தொட்டில் சங்கிலியில் இருந்தது. தொட்டில் காலி. தை மாதம் காய்ச்சலில் போன பிள்ளை. உடம்பில் இன்னமும் அந்த வெள்ளைச் சேலை. அதற்குள்ளே ஒளித்துவைத்தாற்போலத் தாலிக் கயிறு.

“அடி ஆத்தீ!” ஆச்சி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “இந்தக் கோலத்தை ஒனக்கு யாருடி குடுத்தது?”

சேதுலட்சுமி தலையைத் தூக்கினாள். அழகுமலையைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்த பார்வை.

“இவங்கதான். நான் பார்த்தது இவங்களைத்தான்” என்றார் அழகுமலை.

திருப்பதிக்கு அப்பாடா என்றிருந்தது. முடிந்தது. ஆச்சி தப்பித்தாள். அண்ணாமலை மூஞ்சி சுண்டிப்போகும் என்று ஆசையாகத் திரும்பிப் பார்த்தான்.

அண்ணாமலை சிரித்துக்கொண்டிருந்தான்.

“இவளைத்தானா? ரொம்ப நல்லதாப் போச்சு. மனு எழுதின குமாஸ்தா பேரை மாத்தி எழுதித் தொலைச்சிட்டான்போல. ஏங்க நிபுணர் ஐயா, நீங்க பார்த்த பொம்பளைக்குச் சித்தப்பிரமைன்னு உங்க கையாலதான எழுதினீங்க? அந்தப் பொம்பளை இவதான்னு இப்ப உங்க வாயாலயே சொல்றீங்க. காலையில பேரைத் திருத்தி மனுக் குடுத்துர்றேன். பேரை மாத்தி எழுதித் தர டாக்டர்மாருக்கு எத்தனை நேரம் ஆகும்?”

ஆச்சி படியிலிருந்து எழுந்தாள்.

“சட்டம் புதுசு புதுசா வருதுல்ல?” என்றான் அவன், ஆச்சியைப் பார்த்து. “ஒங்களுக்குப் பிள்ளை கூட்ட ஒரு சட்டம். சம்சாரம் மூணு வருஷம் பைத்தியமா இருந்தா கல்யாணத்தை ரத்து பண்ணிட்டு வேற கட்டிக்க எனக்கு ஒரு சட்டம். ஒங்க கதவு அடைச்சா எனக்கு இந்தக் கதவு.”

வெளியே வந்ததும் வீரய்யா கண்ணாடியைக் கழற்றினார். ஒரே நாளில் இரண்டாவது தடவை. ஒரு பெண்ணை இழுத்து வெளியே விட்ட அதே கையால் இன்னொருத்தியை உள்ளே தள்ளிவிட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. திருப்பதிக்குப் பஸ் வரும்வரை ஒரு கேலியும் தோன்றவில்லை.

*

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. கோர்ட்டில் நிற்க இடமில்லை. அண்ணாமலை வீட்டுப் பெண்கள் பின்னால் ஒரு கும்பலாக நின்றார்கள். சேதுலட்சுமியின் சொந்தத் தாயாரும் அந்தக் கும்பலில்தான் நின்றாள், மகள் பக்கத்தில் இல்லை.

ஆச்சியின் விவகாரம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. “நான் பார்த்தது இந்த அம்மா இல்லை” என்றார் அழகுமலை. மனு தள்ளுபடி. உடனே அண்ணாமலையின் வக்கீல் திருத்திய மனுவோடும் பேரை மாற்றிய சர்ட்டிபிகேட்டுகளோடும் எழுந்தார்.

“நீங்கள் பார்த்தது இந்த சேதுலட்சுமியைத்தானே?”

“ஆமாம்.”

“சித்தப்பிரமை என்று குறிப்பு எழுதினீர்களா?”

“எழுதினேன். அது தப்பு. இந்த ஊர் வழக்கம் எனக்குத் தெரியலை. அவங்க சொன்ன பதில் எல்லாம் சரியான பதில். பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் இருக்கு, பைத்தியம் இல்லை.”

“ஓகோ. போன வாரம் சொன்னது தப்பு, இந்த வாரம் சொல்வது சரி. அடுத்த வாரம் எப்படியோ? உங்களுக்கு லைசென்ஸ் உண்டா?”

“இல்லை.”

“உங்கள் தொழிலை மேற்பார்வை பார்க்க ஒரு கவுன்சில், ஒரு போர்டு?”

“இல்லை.”

“அப்படியானால் நீங்கள் சொன்ன இரண்டில் எது சரி என்று இந்த நாட்டில் யாரைப் போய்க் கேட்பது?”

அழகுமலை மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார். “யாரும் இல்லைங்க” என்றார்.

மாஜிஸ்திரேட் இளம் வயதுக்காரர், ஊருக்குப் புதிது, சட்டப் புஸ்தகத்துக்கு வெளியே ஓர் அடி வைக்காத ஆள். “இவர் சொன்ன இரண்டையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர்கள் சர்ட்டிபிகேட் இருக்கிறது. ஆனால் சட்டப்படி நானே பார்த்துப் பேச வேண்டும். அந்த அம்மா வரட்டும்.”

சேதுலட்சுமி வந்து நின்றாள். ஆச்சி உடுத்திவிட்ட நீலச் சேலை.

“இன்று என்ன கிழமை, அம்மா?”

“ஆடி ரெண்டாம் வெள்ளி.”

“குழந்தைகள்?”

“ஒண்ணு. தையில போயிருச்சு.”

“ஆளில்லாத தொட்டிலை ஏன் ஆட்டுகிறீர்கள்?”

“ஆட்டாட்டித் தூக்கம் வரலைங்க. பிள்ளைக்கில்லை, எனக்கு.”

மாஜிஸ்திரேட் எழுதினார்.

“உங்கள் கணவர் பெயர்?”

அவள் தலை தானாகக் குனிந்தது. பதினோரு வருஷப் பழக்கம். “மலைமேல விளக்கு ஏத்துவாகளே...”

வக்கீல் துள்ளி எழுந்தார். “பார்த்தீர்களா? அதே பிதற்றல். கேட்டது பெயர். வந்தது விளக்கு. இதைத்தான் இரண்டு டாக்டர்களும் எழுதியிருக்கிறார்கள்.”

“அது வழக்கம் சார்!” என்று திருப்பதி கத்தியேவிட்டான். டவாலிச் சேவகன் வந்து அவன் தோளை அமுக்கினான்.

“இருக்கலாம்” என்றார் மாஜிஸ்திரேட். “ஆனால் ரெக்கார்டில் ஏறுவதற்கு நேரான பதில் வேண்டும். அம்மா, பெயரைச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் ஞாபகம் இல்லை என்றுதான் நான் எழுத வேண்டியிருக்கும்.”

சேதுலட்சுமி நிமிர்ந்தாள். முதலில் தன் தாயாரைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று தாயார் தலையை ஆட்டினாள். பக்கத்தில் வெள்ளைச் சேலையோடு நின்ற ஆச்சியைப் பார்த்தாள். கடைசியாகப் புருஷனைப் பார்த்தாள். அண்ணாமலை கையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக நின்றான். அவளால் முடியாது என்று அவனுக்குத் தெரியும். அவள் வளர்ந்த வீடும் அவனுக்குத் தெரியும்.

“அண்ணாமலை” என்றாள்.

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார்.

“அண்ணாமலை. அண்ணாமலை.” நிபுணர் கேட்டது மூன்று தடவை. அவளும் மூன்று தடவை சொன்னாள்.

பின்னால் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். “அடிப்பாவி, கோர்ட்டுல வச்சா சொல்லுறா! பைத்தியந்தாண்டி, சந்தேகமே இல்லை” என்றாள் ஒருத்தி. சேதுலட்சுமியின் தாயார் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணாமலையின் கை கட்டவிழ்ந்து தொங்கியது. அவனை அறியாமல் அவன் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டதைத் திருப்பதி கண்டான்.

மாஜிஸ்திரேட்டுக்கு இது எதுவும் விளங்கவில்லை. அவர் கேட்டது கிடைத்துவிட்டது. மனு தள்ளுபடி என்று எழுதினார். ஆளை மாற்றிக் காட்டியதற்கு அண்ணாமலைமீது தனியாக வழக்குப் போடவும் உத்தரவிட்டார். பேனாவை மூடிக்கொண்டே, குறை சொல்கிற மாதிரி, “இவ்வளவுதானே அம்மா? அன்றைக்கே சொல்லியிருந்தால் இத்தனை சிரமம் இருந்திருக்காதே?” என்றார்.

“சொன்னா அவுக ஆயுசு குறையும்னு சொல்லாம இருந்தேங்க” என்றாள் சேதுலட்சுமி. “வெள்ளைச் சேலையை அவுகளே கொண்டாந்து கட்டிவிட்டாக. இனிமே பேரைச் சொன்னா என்ன?”